மூன்று தீவுகளும் ஒரு முதியவரும்

பகைத்து நிற்கும் இருவரிடையே சென்று அவர்களைப் பொருந்தச் செய்தலைச் 'சந்து செய்தல்' என்று தமிழர் வழங்கினர். உறையூரை முற்றியிருந்த நலங்கிள்ளிக்கும், மதிற்கதவை அடைத்துக்கொண்டு உள்ளிருந்த நெடுங்கிள்ளிக்கும் இடையே கோவூர்கிழார் நின்ற காட்சியைப் புறநானூறு காட்டுகிறது. இருவரும் சூடியது ஆத்தியே; எவர் தோற்பினும் தோற்பது ஒரே குடியே என்பதுதான் அப்புலவர் எடுத்துரைத்த வழக்கு. படையும் பொருளும் இல்லாத ஒருவர், சொல்லை மட்டுமே துணையாகக் கொண்டு இரு படைகளுக்கு நடுவே நிற்பது எக்காலத்தும் அரிய செயல். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், உலகின் தென்கோடியில், அத்தகைய செயல் ஒன்று நிகழ்ந்தது. அர்ஜென்டினாவும் சிலியும் போரின் வாயிலிலிருந்து திரும்பி வந்த வரலாறு அது.

இவ்விரு நாடுகளும் ஒரே கொடியில் காய்த்தவை. இரண்டும் ஸ்பானியப் பேரரசின் கீழ் இருந்தவை; இரண்டும் பேசுவது ஸ்பானிய மொழி; இரண்டின் விடுதலையும் ஒன்றோடொன்று பின்னியது. 1817ஆம் ஆண்டு அர்ஜென்டினத் தளபதி சான் மார்ட்டின், சிலியின் ஓகிகின்ஸோடு சேர்ந்து ஆண்டிஸ் மலையைக் கடந்து சென்று சிலியின் விடுதலைக்குப் போரிட்டார். அடுத்த ஆண்டு மைப்பூ களத்தில் இரு நாட்டவரின் குருதியும் ஒரே மண்ணில் சிந்தியது. ஆயின் பேரரசு போன பின்பு, அது விட்டுச் சென்ற வீட்டைப் பங்கிடும் வேலை எஞ்சி நின்றது. இரு நாடுகளுக்கும் இடையிலான எல்லை 5,300 கிலோமீட்டருக்கும் மேல் நீள்வது. உலகின் மிக நீண்ட நில எல்லைகளுள் ஒன்று. அதன் பெரும்பகுதி அக்காலத்தில் எவரும் அளந்தறியாத பனிமலையும் காடும் கடலும்.

ஒரு தொடர், இரு பொருள்

1881ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள் எல்லை உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அப்போது சிலி, பெரு பொலிவியா ஆகிய நாடுகளோடு பசிபிக் போரில் ஈடுபட்டிருந்தது. இன்னொரு பகையை அது விரும்பவில்லை. போனஸ் அயர்ஸிலும் சாந்தியாகோவிலும் இருந்த அமெரிக்கத் தூதர்கள் இருவரும் தந்திவழியே முன்மொழிவுகளைக் கொண்டு கொடுத்து உடன்பாட்டுக்கு வழிசெய்தனர். அவ்விருவரின் பெயரும் தாமஸ் ஆஸ்பர்ன் என்றே அமைந்தது வரலாற்றின் ஒரு குறும்பு.

அந்த உடன்படிக்கை எழுதியோர் நல்லெண்ணத்தோடுதான் எழுதினர். எனினும் அதன் இரண்டு தொடர்கள் அடுத்த நூறாண்டுக்குச் சண்டையை விதைத்தன. முதலாவது, வடக்கிலிருந்து ஐம்பத்திரண்டாம் அகலக்கோடு வரை, ஆண்டிஸ் மலையில் நீரைப் பிரிக்கும் மிக உயர்ந்த முகடுகளின் வழியே எல்லை செல்லும் என்பது. உயர்ந்த முகடும் நீரைப் பிரிக்கும் முகடும் ஒன்றே என்று எழுதியவர்கள் கருதினர். தெற்கே படகோனியாவில் அவை ஒன்றல்ல. அங்கே மலைச்சிகரங்கள் ஓரிடத்திலும், கிழக்கு மேற்காக ஆறுகள் பிரியும் மேடு வேறோரிடத்திலும் கிடந்தன. அர்ஜென்டினா 'உயர்ந்த' என்ற சொல்லைப் பற்றிக்கொண்டது. சிலி 'நீரைப் பிரிக்கும்' என்ற சொல்லைப் பற்றிக்கொண்டது. ஒரே வாக்கியத்தின் இரு அடைமொழிகள் இரு நாடுகளின் கொடிகளாயின.

அர்ஜென்டினாவின் எல்லை வல்லுநர் பிரான்சிஸ்கோ மொரேனோ 1898இல் செய்த செயல் ஒன்று இன்றும் வியப்புடன் பேசப்படுகிறது. பெனிக்ஸ் என்னும் சிற்றாறு பசிபிக் பக்கம் வடியும் ஏரியொன்றில் கலந்துகொண்டிருந்தது. அதன் பழைய தடத்தைக் கூலியாட்களைக் கொண்டு தோண்டித் திறந்து, அட்லாண்டிக் நோக்கி ஓடச் செய்தார் அவர். ஆறு எத்திசையில் ஓடுகிறது என்பது ஒரு நாட்டின் எல்லையைத் தீர்மானிக்கத் தக்க நிலையான சான்றாகாது என்பதே அவர் காட்ட விரும்பிய உண்மை. சொல்லுக்கு உரை எழுதும் போட்டியில் ஆற்றையே சாட்சிக் கூண்டில் ஏற்றிய நிகழ்ச்சி அது.

வழக்கு பிரிட்டிஷ் மன்னரின் நடுவர் தீர்ப்புக்குச் சென்றது. நிலத்தை நேரிற்கண்டு வர அனுப்பப்பட்டவர் சர் தாமஸ் ஹோல்டிச். இந்தியாவின் வடமேற்கு எல்லையில் நில அளவைப் பணியில் பல்லாண்டுகள் கழித்தவர். 1902இல் அவர் மலைப் பள்ளத்தாக்குகளில் பயணம் செய்தார். வேல்ஸ் நாட்டிலிருந்து வந்து குடியேறிய உழவர்கள் வாழ்ந்த பள்ளத்தாக்கு ஒன்றில், ஒரு பள்ளிக்கூடத்தில் கூடிய மக்கள் தாங்கள் அர்ஜென்டினாவின் கீழ் வாழவே விரும்புவதாகத் தெரிவித்தனர். அவ்வாண்டு நவம்பர் 20ஆம் நாள் ஏழாம் எட்வர்டு மன்னர் தீர்ப்பளித்தார். இரு தரப்பின் உரையையும் முழுமையாக ஏற்காமல், நடுவே ஒரு கோடு இழுக்கப்பட்டது. வழக்கிலிருந்த ஏறத்தாழ 94,000 சதுர கிலோமீட்டரில் சுமார் 54,000 சிலிக்கும், சுமார் 40,000 அர்ஜென்டினாவுக்கும் சென்றன.

அதே 1902ஆம் ஆண்டு மே மாதம் இரு நாடுகளும் வேறு உடன்பாடுகளையும் செய்துகொண்டன. இனி எழும் வழக்குகளை நடுவர் தீர்ப்புக்கு விடுவதென்றும், போர்க்கப்பல்களை வாங்கிக் குவிக்கும் போட்டியை நிறுத்துவதென்றும் முடிவாயிற்று. அந்த மகிழ்ச்சியின் அடையாளமாக, 1904ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் நாள், எல்லைக் கணவாயில், ஏறத்தாழ 3,800 மீட்டர் உயரத்தில், சிற்பி மத்தேயோ அலோன்சோ வடித்த கிறிஸ்துவின் வெண்கலச் சிலை நிறுவப்பட்டது. மக்கள் கழுதைகள் மீதும் கால்நடையாகவும் ஏறிச் சென்று அவ்விழாவைக் கண்டனர். மலையில் அமைதி வந்துவிட்டது. கடலில்தான் இன்னும் வரவில்லை.

கால்வாய் எங்கே திரும்புகிறது?

1881 உடன்படிக்கையின் இரண்டாவது தொடர் தெற்கே இருந்தது. பீகிள் கால்வாய்க்குத் தெற்கே கேப் ஹார்ன் முனை வரையுள்ள தீவுகள் அனைத்தும் சிலியுடையவை. நெருப்பு நிலம் எனப் பெயர்பெற்ற தியெர்ரா தெல் புவேகோவுக்குக் கிழக்கே அட்லாண்டிக்கில் உள்ள தீவுகள் அர்ஜென்டினாவுடையவை. கேட்பதற்கு இதைவிடத் தெளிவான பங்கீடு இருக்க முடியாது.

பீகிள் என்பது ஒரு கப்பலின் பெயர். அக்கப்பலின் முதற்பயணத்தில், 1830இல், அந்த நீர்வழி ஐரோப்பியர் கண்ணில் பட்டது. 1833இல் இளைஞர் சார்லஸ் டார்வின் அவ்வழியே சென்றார். ஏறத்தாழ 240 கிலோமீட்டர் நீண்டு, இருபுறமும் பனிமலை சூழக் கிழக்கு மேற்காகக் கிடப்பது அது. அதன் கிழக்கு வாயிலில் பிக்டன், லெனாக்ஸ், நுவேவா என்று மூன்று தீவுகள். ஒவ்வொன்றும் 100 முதல் 170 சதுர கிலோமீட்டர் அளவே. சில ஆட்டுப்பட்டிகள், சில குடும்பங்கள், ஓயாத காற்று. வேறெதுவும் அங்கே பெரிதாக இல்லை.

கால்வாய் நேரே கிழக்காக ஓடிக் கடலில் கலக்கிறது. ஆகவே மூன்று தீவுகளும் அதன் தெற்கே உள்ளன என்றது சிலி. இல்லை, நவாரினோ தீவைக் கடந்ததும் கால்வாய் தெற்காகத் திரும்பிவிடுகிறது. ஆகவே அத்தீவுகள் கால்வாயின் கிழக்கே, அட்லாண்டிக்கில் உள்ளன என்றது அர்ஜென்டினா. கடல்நீரின் மேல் 'இது கால்வாய், இது கடல்' என்று எழுதிய பலகை எதுவும் இல்லை. சிலி அட்லாண்டிக்கிலும் அர்ஜென்டினா பசிபிக்கிலும் இடம் கோரலாகாது என்ற 1893ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தையும் அர்ஜென்டினா துணைக்கழைத்தது.

நெடுங்காலம் இது வரைபட வல்லுநர்களின் வழக்காகவே இருந்தது. 1958இல் ஸ்நைப் என்னும் சிறு பாறைத்தீவில் சிலி ஒரு கலங்கரை விளக்கை நட்டது. அர்ஜென்டினக் கடற்படை அதை அகற்றித் தன் விளக்கை நிறுத்தியது. சிலி அதைப் பெயர்த்தது. பின்னர் குண்டுவீச்சும் படை இறங்குதலும் நிகழ்ந்தன. இறுதியில் இருவரும் பின்வாங்கினர். விளக்கின்றிக் கிடந்தது பாறை. கப்பல்களுக்கு வழிகாட்ட வேண்டிய விளக்கே போருக்கு வழிகாட்டத் தொடங்கியதை அன்று பலர் வேடிக்கையாகவே கண்டனர்.

1970களில் வேடிக்கை மாறியது. கரையிலிருந்து 200 கடல்மைல் வரையுள்ள கடல்வளம் கரைக்குரிய நாட்டுக்கே உரியது என்ற கருத்து உலக அரங்கில் வலுப்பெற்று வந்தது. இதனால் ஒரு சிறு தீவு தன்னைச் சுற்றியுள்ள பெருங்கடலைத் தன்னோடு இழுத்துச் செல்லும் நிலை உண்டாயிற்று. மீனும், எண்ணெய் இருக்கலாம் என்ற எதிர்பார்ப்பும், அண்டார்க்டிகாவின் மீதான உரிமைக்கோரிக்கையும் அம்மூன்று தீவுகளின் முதுகில் ஏறின.

தீர்ப்பு வந்தது, தீர்வு வரவில்லை

1971 ஜூலையில், சிலியின் குடியரசுத் தலைவர் அயெந்தேயும் அர்ஜென்டினாவின் லனூசேயும் ஆண்ட காலத்தில், வழக்கை நடுவர் மன்றத்தின் முன் வைக்க உடன்பாடு கண்டனர். 1902 உடன்பாட்டின்படி நடுவர் பிரிட்டிஷ் அரசி. மால்வினாஸ் தீவுகளைப் பற்றிப் பிரிட்டனோடு வழக்காடி வந்த அர்ஜென்டினாவுக்கு இது கசந்தது. எனவே பன்னாட்டு நீதிமன்றத்தின் நீதிபதிகள் ஐவர் ஆராய்ந்து முடிவு கூறுவர், அரசி அதை ஏற்கவோ மறுக்கவோ மட்டுமே செய்யலாம், திருத்தலாகாது என்று வகுக்கப்பட்டது. பிரிட்டன், அமெரிக்கா, பிரான்சு, நைஜீரியா, சுவீடன் ஆகிய நாட்டவரான அந்த ஐவர் ஜெனீவாவில் அமர்ந்து ஆண்டுக்கணக்கில் வரைபடங்களையும் கடிதங்களையும் வாதங்களையும் ஆய்ந்தனர்.

1977 மே 2ஆம் நாள் தீர்ப்பு வெளியாயிற்று. மூன்று தீவுகளும் சிலியுடையவை. சட்டத்தின் கண்கொண்டு பார்த்தால் வழக்கு அத்துடன் முடிந்தது. ஆயின் 1978 ஜனவரி 25ஆம் நாள், அத்தீர்ப்பு செல்லாது என்று அர்ஜென்டினா அறிவித்தது.

இங்கே ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். நடுவர் மன்றம் பிழையான தீர்ப்பை வழங்கிவிடவில்லை. பின்னாளில் வந்த முடிவிலும் தீவுகள் சிலிக்கே சென்றன. ஆனால் மன்றத்திடம் கேட்கப்பட்ட கேள்வி தீவு யாருடையது என்பது. அர்ஜென்டினாவின் நெஞ்சை அரித்துக்கொண்டிருந்த கேள்வியோ கடல் யாருடையது என்பது. நீதிமன்றம் தன்னிடம் வைக்கப்பட்ட வினாவுக்குத்தான் விடை சொல்ல முடியும். வைக்கப்படாத அச்சத்துக்கு அது விடை சொல்ல இயலாது. வென்றவன் முழுதும் வென்றான், தோற்றவன் முழுதும் தோற்றான் என்ற நிலையில் தோற்றவன் துப்பாக்கியை எடுத்தான்.

அப்போது இரு நாடுகளிலும் ஆண்டவர்கள் படைத்தலைவர்கள். சிலியில் 1973 முதல் பினோசே. அர்ஜென்டினாவில் 1976 முதல் விதேலாவின் தலைமையிலான ராணுவக் குழு. இரு அரசுகளும் சொந்தக் குடிமக்களையே சிறையிட்டும் வதைத்தும் காணாமற்போகச் செய்தும் வந்தன. உள்நாட்டில் அச்சத்தால் ஆள்வோர்க்கு வெளிநாட்டுப் பகை ஓர் உணவு. 1978இன் பேச்சுவார்த்தைகள் ஒவ்வொன்றாக முறிந்தன. அர்ஜென்டின நகரங்களில் விளக்கணைப்புப் பயிற்சிகள் நடந்தன. எல்லையில் பதுங்குகுழிகள் தோண்டப்பட்டன, கண்ணிவெடிகள் புதைக்கப்பட்டன.

அவ்வாண்டுதான் அர்ஜென்டின இசைக்கவிஞர் லியோன் கியெக்கோ, போருக்கு மனம் மரத்துப்போய்விடலாகாது என்று இறைவனிடம் வேண்டும் பாடல் ஒன்றை எழுதினார். 'சோலோ லே பிதோ அ தியோஸ்' என்னும் அப்பாடல் பின்னர் மெர்சதெஸ் சோசாவின் குரலில் ஸ்பானிய மொழி வழங்கும் நாடுகளெங்கும் பரவியது. அதைப் பாடுகிறவர்களில் பலர் அது மூன்று சிறு தீவுகளின் பொருட்டு மூளவிருந்த போரின் நிழலில் பிறந்ததென்பதை அறியார்.

டிசம்பர் 22

டிசம்பர் 12ஆம் நாள் இரு நாட்டு வெளியுறவு அமைச்சர்களும் போனஸ் அயர்ஸில் சந்தித்தனர். போப்பாண்டவரை இடைநின்று உதவ வேண்டலாம் என்பதில் இருவரும் ஒத்துப்போயினர். ஆனால் அர்ஜென்டின அமைச்சருக்குக் கையெழுத்திடும் அதிகாரத்தை ராணுவக் குழு தரவில்லை. அமைச்சர் ஒப்பிய ஒன்றைத் தளபதிகள் அன்று மாலையே ஒடித்தனர்.

தீவுகளைக் கைப்பற்றும் அர்ஜென்டினாவின் படைத்திட்டத்துக்கு 'சொபெரானியா' என்று பெயர்; இறையாண்மை என்று பொருள். டிசம்பர் 22 அதற்குக் குறித்த நாள். இரு கடற்படைகளும் தென்கடலில் திரண்டிருந்தன. அந்நாட்களில் அக்கடலில் கடும் புயல் வீசியது. அதே வேளையில், பதவியேற்று இரண்டு மாதங்களே ஆகியிருந்த போப் இரண்டாம் ஜான் பால், தம் சார்பாளர் ஒருவரை இரு தலைநகரங்களுக்கும் அனுப்ப விழைவதாக இரு நாட்டுத் தலைவர்களுக்கும் தெரிவித்தார். படைகள் திரும்ப அழைக்கப்பட்டன. புயல் தந்தது சில மணி நேரம். அச்செய்தி தந்தது பின்வாங்குவதற்கு ஒரு மானமான வாயில். மோதவிருப்போர் இருவருக்கும் அத்தகைய வாயில் ஒன்று தேவைப்படுகிறது. எதிரியின் முன் குனிய மறுக்கும் தலை, இருவரும் மதிக்கும் மூன்றாமவர் முன் குனிவதை இழிவாகக் கருதுவதில்லை.

நூலகர்

டிசம்பர் 26ஆம் நாள் போனஸ் அயர்ஸில் வந்திறங்கினார் கர்தினால் அந்தோனியோ சமோரே. வயது எழுபத்து மூன்று. முன்னர்க் கொலம்பியாவில் வாடிகனின் தூதராக இருந்து லத்தீன் அமெரிக்காவை அறிந்தவர்; அப்போது அவர் வகித்த பொறுப்பு வாடிகன் நூலகத்துக்கும் ஆவணக் காப்பகத்துக்கும் தலைமை. பழஞ்சுவடிகளின் நடுவே வாழ்ந்த ஒருவரை, பீரங்கிகளின் நடுவே நிற்க அனுப்பினர்.

அவர் போனஸ் அயர்ஸுக்கும் சாந்தியாகோவுக்கும் இடையே ஆண்டிஸ் மலையின் மேலே மீண்டும் மீண்டும் பறந்தார். இருவரையும் ஓரறையில் அமர்த்தி வாதிடச் செய்யவில்லை. ஒவ்வொருவர் வீட்டுக்கும் சென்று ஒவ்வொருவர் சொல்லையும் கேட்டார். இருட்குகையின் முடிவில் சிறு ஒளி ஒன்று தெரிகிறது என்ற பொருள்பட அவர் செய்தியாளரிடம் கூறியது அந்நாட்களில் இரு நாடுகளிலும் வாய்ச்சொல்லாகப் பரவியது.

1979 ஜனவரி 8ஆம் நாள், உருகுவேயின் தலைநகர் மோந்தெவிதேயோவில் உடன்பாடு கையெழுத்தாயிற்று. போப்பாண்டவர் இடைநின்று தீர்க்க வேண்டுமென இரு அரசுகளும் கேட்டுக்கொண்டன. ஆனால் சமோரே அத்துடன் அமையவில்லை. சமரச முயற்சி நடக்குங்கால் படைவலியைப் பயன்படுத்துவதில்லை என்றும், படைகளின் நிலையை 1977இன் தொடக்கத்தில் இருந்தவாறு படிப்படியாகத் திருப்புவதென்றும் உறுதிமொழி பெற்றார். தீவு யாருக்கு என்பதைப் பற்றி அவ்வேட்டில் ஒரு சொல்லும் இல்லை. துப்பாக்கியைக் கீழே வைப்பது முதல். வழக்கைப் பேசுவது பிறகு. அந்த வரிசைதான் அன்றைய வெற்றி.

ஆறு ஆண்டுப் பொறுமை

ரோமில் பேச்சுகள் தொடங்கின. நடுவர் தீர்ப்பில் தீர்ப்பவர் சொல்வதை ஏற்க வேண்டும். இடைநின்று செய்யும் சமரசத்தில் இருவரும் ஒப்பினாலன்றி எதுவும் முடிவாகாது. ஆகவே சமோரேவுக்கு அதிகாரம் இல்லை, பொறுமைதான் இருந்தது.

1980 டிசம்பர் 12ஆம் நாள் போப்பாண்டவர் தம் முன்மொழிவை அளித்தார். தீவுகள் சிலிக்கு, ஆயின் அவற்றைச் சூழ்ந்த கடலில் சிலியின் உரிமை மிகச் சுருங்கியது. அதற்கு அப்பால் இரு நாடுகளும் சேர்ந்து பயன்கொள்ளும் பொதுக்கடல் ஒன்று; அதற்கு 'அமைதிக் கடல்' என்று பெயரிட எண்ணப்பட்டது. சிலி ஏற்றது. அர்ஜென்டினா ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை, மௌனம் காத்தது.

அந்த மௌனம் ஆண்டுகளாக நீண்டது. 1981இல் ஒற்றர் எனக் குற்றஞ்சாட்டிக் கைதுகள் நிகழ்ந்தன. அர்ஜென்டினா எல்லையையே மூடியது. 1982 ஜனவரியில், வழக்குகளைப் பன்னாட்டு நீதிமன்றத்துக்குக் கொண்டுசெல்ல வகைசெய்த 1972ஆம் ஆண்டு உடன்படிக்கையிலிருந்து விலகுவதாக அது அறிவித்தது. மூன்று மாதங்களுக்குள் மால்வினாஸ் தீவுகளின் மேல் படையெடுத்துப் பிரிட்டனிடம் தோல்வியுற்றது. பீகிளில் நிகழாத போர் மால்வினாஸில் நிகழ்ந்தது. நூற்றுக்கணக்கான இளைஞர்கள் தென்கடலில் மாண்டனர். 1978இல் தடுக்கப்பட்டது என்னவென்பதை அர்ஜென்டினத் தாய்மார் அப்போதுதான் முழுமையாக உணர்ந்திருக்க வேண்டும்.

இந்நிகழ்ச்சிகளுக்கிடையே ரோமில் ஒரு முதியவர் இருபுறத்தாரையும் மேசையை விட்டு எழாமற் பிடித்து வைத்திருந்தார். முன்மொழிவுகள் வந்தன, திரும்பின, மாற்றி எழுதப்பட்டன. 1983 பிப்ரவரி 3ஆம் நாள் சமோரே மறைந்தார். தாம் நட்ட மரம் காய்த்ததை அவர் காணவில்லை.

அவ்வாண்டு டிசம்பரில் அர்ஜென்டினாவில் ராணுவ ஆட்சி நீங்கி, மக்கள் தேர்ந்த ரவூல் அல்போன்சின் பதவியேற்றார். ஆறே வாரங்களில், 1984 ஜனவரி 23ஆம் நாள், வாடிகனில் அமைதியும் நட்பும் பேணுவதாக இரு நாடுகளும் கூட்டறிக்கை வெளியிட்டன. இச்சமரசத்தின் ஆழமான பயன் இங்கே விளங்கும். அது முதலில் தந்தது தீர்வு அன்று; காலம். படைத்தலைவர்களால் ஒப்ப முடியாததை ஒப்பக்கூடிய ஓர் அரசு வரும் வரை அது வழக்கை உயிரோடும், மக்களை உயிரோடும் வைத்திருந்தது.

மக்களின் சொல்

அல்போன்சின் ஒரு துணிவான செயலைச் செய்தார். உடன்பாட்டை மக்களிடமே கொண்டு சென்றார். 1984 நவம்பரில், வெளியுறவு அமைச்சர் தாந்தே கபுத்தோவும் எதிர்த்தரப்பின் மேலவை உறுப்பினர் விசெந்தே சாதியும் தொலைக்காட்சியில் நேருக்கு நேர் வாதிட்டனர். நவம்பர் 25ஆம் நாள் நடந்த கருத்தறி வாக்கெடுப்பில், வாக்களித்தோரில் ஏறத்தாழ 82 விழுக்காட்டினர் உடன்பாட்டை ஏற்றனர். ஆறாண்டுகளுக்கு முன் யாருடைய பெயரால் போர் முழங்கப்பட்டதோ, அந்த மக்களைக் கேட்டபோது அவர்கள் அமைதி என்றனர். அதற்கு முன் எவரும் அவர்களைக் கேட்டதில்லை.

நான்கு நாட்களுக்குப் பின், நவம்பர் 29ஆம் நாள், அமைதி நட்பு உடன்படிக்கை வாடிகனில் கையெழுத்தாயிற்று. தீவுகள் சிலியுடையவை, அவற்றின் கிழக்கேயுள்ள கடலில் பெரும்பகுதி அர்ஜென்டினாவுடையது. சிலி தரையில் பெற்றது, அர்ஜென்டினா நீரில் பெற்றது. கப்பற்போக்குக்கு விதிகள் வகுக்கப்பட்டன. இனி எழும் பிணக்குகளுக்கு முதலில் இணக்கக் குழு, பிறகு நடுவர் மன்றம் என்று படிகள் கட்டப்பட்டன. 'அமைதிக் கடல்' என்ற பொதுக்கடல் மட்டும் கைவிடப்பட்டது. கவிதைபோல் ஒலித்த சொல் போயிற்று. உரைநடையாக எழுதிய கோடு நிலைத்தது. அர்ஜென்டின மேலவையில் ஒரே வாக்கு வேறுபாட்டில் அது நிறைவேறியது. 1985 மே 2ஆம் நாள், நடுவர் மன்றத் தீர்ப்பு வெளியாகிச் சரியாக எட்டாண்டுகள் கழித்து, அது நடைமுறைக்கு வந்தது.

எட்டாண்டுகளுக்கு முன் சொல்லப்பட்ட அதே தீவு முடிவுதானே, இத்தனை அலைச்சல் எதற்கு என்று கேட்கலாம். முடிவு அதுவே, வந்த வழி வேறு. முன்னது மேலிருந்து இறங்கியது. பின்னது இருவரும் நடந்து சேர்ந்த இடம். முன்னது தோற்றவனுக்கு எதையும் தரவில்லை. பின்னது கடலைத் தந்தது, அதைவிட மேலாக 'நானும் ஒப்பினேன்' என்று சொல்லும் உரிமையைத் தந்தது. தொடரைப் பிரித்துப் பொருள் கொள்வது உரையாசிரியர் வேலை; அத்தொடரைக் கொண்டு வாழவேண்டிய இருவரையும் ஒப்பச் செய்வது அதனினும் பெரிய வேலை.

கோட்டுக்கு வெளியே நின்றவர்கள்

இவ்வரலாற்றில் பேசப்படாத மூன்றாம் தரப்பு ஒன்று உண்டு. அக்கால்வாய்க்குப் பீகிள் என்ற பெயர் வருவதற்கு முன், யாகன் மக்கள் அதை 'ஒனஷாகா' என்றழைத்தனர். மரப்பட்டையால் ஆன ஓடங்களில், அடுப்பு நெருப்பை ஓடத்திலேயே ஏந்தி, அத்தீவுகளிடையே ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்தவர்கள் அவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சமயப் பணியாளர் தாமஸ் பிரிட்ஜஸ் அவர்கள் மொழிக்கு அகராதி ஒன்று தொகுத்தார். முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கள் அதில் இடம்பெற்றன. குடியேறியோர் கொணர்ந்த நோய்களால் அம்மக்கள் சில பத்தாண்டுகளில் அருகிப் போயினர். 1881இல் அவர்களின் கடலை இரு அரசுகள் பங்கிட்டபோதும், 1977இல் ஐவர் தீர்ப்பளித்தபோதும், 1984இல் வாடிகனில் எழுதுகோல்கள் திறக்கப்பட்டபோதும் அவர்களை எவரும் கேட்கவில்லை. அம்மொழியைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி மூதாட்டி கிறிஸ்தினா கால்தெரோன், 2022 பிப்ரவரியில், தம் 93ஆம் வயதில் மறைந்தார். நாடுகளிடையே சந்து செய்தவர்க்கும் எட்டாத இழப்பு இது.

அமைதி கையெழுத்தோடு முடிந்துவிடுவதுமில்லை. சிலி தன் எல்லைகளில் 1970களில் புதைத்த கண்ணிவெடிகளை அகற்றி முடித்ததாக அறிவித்தது 2020ஆம் ஆண்டில்தான். அன்று புதைத்த அச்சத்தைத் தோண்டியெடுக்க நாற்பது ஆண்டுகள் பிடித்தன. கடலடித் தளத்தைப் பற்றி 2021இல் கூட இரு நாடுகளிடையே கருத்து வேறுபாடு எழுந்தது. ஆனால் கப்பல்கள் திரளவில்லை, குறிப்புரைகளே பரிமாறப்பட்டன. இடையில் 1994இல் தெசியெர்தோ ஏரி வழக்கில் லத்தீன் அமெரிக்க நடுவர் மன்றம் அர்ஜென்டினாவுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தபோது, சிலி மறு ஆய்வு கோரியது. அது தள்ளப்பட்டபின் தீர்ப்பை ஏற்றது. ஒருமுறை நன்றாகக் கற்ற பாடம் மறுமுறை எளிதாக வருகிறது.

ஆண்டிஸ் மலையில் இரு நாடுகளையும் இணைக்கும் கணவாய்களுள் ஒன்றுக்கு இன்று 'கர்தினால் அந்தோனியோ சமோரே' என்று பெயர். தளபதிகளின் பெயரைக் கோட்டைகள் தாங்கும். சந்து செய்தவரின் பெயரை ஒரு வழி தாங்குவது பொருத்தமே. பேருந்துகளும் சரக்கு வண்டிகளும் அதைக் கடந்து செல்கின்றன. கடவுச்சீட்டில் முத்திரை வாங்கக் காத்திருக்கும் பயணிகளில் அப்பெயருக்குரியவர் யாரென்று அறிந்தோர் சிலரே இருக்கக்கூடும். வழி திறந்திருக்கிறது.